ஸ்டியரிங் தளர்வும் சக்கர நேர்ப்பும்: பழைய கார் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்

தோட்டத்து வீட்டு வாசலில் பழைய கார் ஒன்று நிற்பது இன்று புதுமையன்று. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1992இல் வந்த இஸ்வாரா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் ஆகியவை மூன்று நான்கு கைகள் மாறிய பின்னரும் நம் மக்களுக்கு உழைத்து வருகின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கவும், ஞாயிற்றுக்கிழமையில் பட்டணத்துச் சந்தைக்குப் போய் வரவும் இவையே கைகொடுக்கின்றன. பழைய கார் வாங்குவோர் இயந்திரத்தின் ஓசையைக் கேட்கின்றனர். சாயத்தைத் தடவிப் பார்க்கின்றனர். குளிர்சாதனம் வேலை செய்கிறதா என்று சோதிக்கின்றனர். முன்சக்கரத்தின் பின்னே குனிந்து பார்ப்பவர் மட்டும் மிகச் சிலரே. இப்பாடம் அந்த இடத்தைப் பற்றியது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்திற்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்யும் நமது நண்பர் ஒருவர், பழைய சாகா கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய சில மாதங்களிலேயே முன் டயர்கள் இரண்டும் உட்புற ஓரத்தில் வழுக்கையாகிவிட்டன. புதிய டயர்கள் போட்டார். பட்டணத்துக் கடையொன்றில் 'அலைன்மெண்ட்' செய்தார். ஒரு வாரம் கார் நேராக ஓடியது. பிறகு மீண்டும் இடமும் வலமும் அலைந்தது. மறுபடியும் கடைக்குப் போனார். மறுபடியும் பணம் கொடுத்தார். மூன்றாம் முறை செய்து பத்து நாள்கூட ஆகாத ஒரு காலைப் பொழுதில், தோட்டத்துச் செம்மண் சாலையின் வளைவொன்றில், மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது, அடியில் 'டக்' என்றொரு சத்தம் கேட்டது. ஸ்டியரிங்கை அவர் வலப்புறம் திருப்பினார். வலது சக்கரம் அவர் சொற்படி திரும்பியது. இடது சக்கரமோ தன் போக்கில் வெளிப்புறம் திரும்பிக்கொண்டது. கார் சாலையோரக் கால்வாயில் முகம் குத்தி நின்றது.

நாம் அவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் அமர்ந்திருந்தோம். இருவருக்கும் காயமில்லை. ஆயினும் அவர் வெளியே இறங்கி நின்று நெடுநேரம் பேசவில்லை. முந்திய நாள் மாலை, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, சிரம்பானில் ஒரு திருமணத்திற்குப் போய், புக்கிட் புத்துஸ் மலைச்சாலை வழியாகத் திரும்பி வந்தவர் அவர். அந்த 'டக்' என்ற சத்தம் ஓர் இரவுக்கு முன்னதாக, அந்த இறக்கத்தில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

கழன்றது என்ன என்று பின்னர்ப் பார்த்தோம். ஒரு நெல்லிக்காய் அளவே இருக்கும் இரும்புக் குமிழ், தன் கிண்ணத்தைவிட்டு வெளியே வந்திருந்தது. கிண்ணத்தின் வாய் தேய்ந்து அகன்றிருந்தது. மூன்று முறை கார் கருவியில் ஏற்றப்பட்டும், அந்தக் குமிழை ஒருவரும் கையால் அசைத்துப் பார்க்கவில்லை.

கையிலிருந்து சக்கரம் வரை

நாம் பிடித்துத் திருப்பும் ஸ்டியரிங் வளையத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதன் முனையில் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அப்பற்சக்கரம், குறுக்கே கிடக்கும் பல் வெட்டிய ஒரு நீண்ட சட்டத்தை இடமும் வலமும் தள்ளுகிறது. இச்சட்டத்தைப் பட்டறைக்காரர்கள் 'ராக்' என்பர். ராக்கின் இரு முனைகளிலும் 'ராக் எண்ட்' என்னும் உள்மூட்டு. அதிலிருந்து புறப்படும் கம்பி. கம்பியின் வெளிமுனையில் 'டை ராட் எண்ட்' என்னும் வெளிமூட்டு. இவ்வெளிமூட்டே சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைப் பிடித்துத் திருப்புகிறது. சாகா, கஞ்சில் முதலிய கார்களின் அமைப்பு இதுதான். டட்சன் 120ஒய் போன்ற முந்திய காலக் கார்களில் ராக்குக்குப் பதிலாக ஸ்டியரிங் பெட்டியும், மேலும் சில கைகளும் மூட்டுகளும் இருந்தன. மூட்டுகள் மிகுந்தால் தேயும் இடங்களும் மிகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுக்குக் கீழே, சக்கரத்தின் பாகத்தைக் கீழ்க்கையுடன் இணைப்பது 'பால் ஜாயிண்ட்'. இந்தப் 'பால்' நாம் மரத்திலிருந்து இறக்கும் பாலன்று; பந்து என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். பந்து மூட்டு என்றே சொல்லலாம். நமது தோள்மூட்டில் எலும்பின் உருண்டைத் தலை ஒரு குழியில் சுழல்வது போல, இரும்புப் பந்தொன்று கிண்ணத்துக்குள் சுழல்கிறது. டை ராட் எண்ட், ராக் எண்ட் இரண்டின் உள்ளமைப்பும் இத்தகையதே.

பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கிரீஸ் இருக்கிறது. அந்தக் கிரீஸைக் காப்பது மேலே கவிந்திருக்கும் மெல்லிய ரப்பர் உறை. மூட்டின் ஆயுள் முழுவதும் அந்த உறையைப் பொறுத்தது. உறை வெடித்துவிட்டால் மழைநீரும் செம்மண் தூசியும் உள்ளே புகுகின்றன. தோட்டத்துச் செம்மண்ணில் நுண்ணிய கல்துகள் உண்டு. அது கிரீஸுடன் கலந்தால், கத்தி தீட்டும்போது கல்லின்மேல் திரளும் சேற்றைப் போன்ற ஒரு பசையாகிவிடுகிறது. உளி தீட்டிப் பழகியவர்களுக்கு அப்பசை இரும்பை எப்படி அரிக்கும் என்று விளக்க வேண்டுவதில்லை. தார்ச்சாலையில் மட்டுமே ஓடும் காரைவிடத் தோட்டத்துக் காருக்கு இம்மூட்டுகள் விரைவில் தேய்வதற்கு இதுவே முதற்காரணம். குண்டும் குழியுமான பாதை இரண்டாவது காரணம்.

டயர் சொல்லும் செய்தி

மூட்டு தளர்ந்ததை முதலில் நமக்கு அறிவிப்பது டயர்தான். படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு கடிதம்.

டயரின் இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் நன்றாயிருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இவ்விரண்டுக்கும் பட்டறை தேவையில்லை. காற்றடிக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் போதும். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால்தான் சக்கரத்தின் நிலையில் கோளாறு என்று கொள்ள வேண்டும். அப்போது உள்ளங்கையை டயரின்மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் மாறி மாறித் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்ப்பக்கமாகத் தடவும்போது மீன் செதிலைத் தடவியது போலக் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால், சக்கரம் நேராக உருளாமல் பக்கவாட்டில் தேய்க்கப்பட்டு வருகிறது என்று பொருள். டயரில் நைந்த கம்பிகள் வெளிவந்திருக்கலாம். ஆகவே கையை மெல்ல வையுங்கள்.

இங்கே மூன்று சொற்களை அறிந்துகொள்ளுதல் நலம். காரை மேலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்வோம். முன்சக்கரங்கள் இரண்டும், கால் பெருவிரல்களை உட்பக்கம் திருப்பி நிற்பவனைப் போல முன்புறத்தில் சற்றே நெருங்கி நின்றால், அதற்கு 'டோ-இன்' என்று பெயர்; உள்நோக்கு எனலாம். முன்புறத்தில் விலகி நின்றால் 'டோ-அவுட்', அதாவது வெளிநோக்கு. இனி, காரை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தோ வெளியே சாய்ந்தோ இருப்பது 'கேம்பர்'. பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்புகின்ற அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது 'காஸ்டர்'. வளைவு கடந்ததும் ஸ்டியரிங் தானே நேருக்குத் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். சிறிய பழைய கார்களில் சாதாரணமாகத் திருத்தக்கூடியது உள்நோக்கு ஒன்றே. கேம்பரும் காஸ்டரும் அளவு மாறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

உள்நோக்கு சிறிது தவறினால் என்ன என்று கேட்போருக்கு ஒரு சிறு கணக்கு. 13 அங்குலச் சக்கரத்தில் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 57 செண்டிமீட்டர். முன்புற அகலமும் பின்புற அகலமும், இருக்க வேண்டிய அளவைவிட 6 மில்லிமீட்டர் வேறுபட்டிருப்பதாகக் கொள்வோம். ஒரு பென்சிலின் தடிப்புக்கும் குறைவான வேறுபாடு அது. அந்த நிலையில் கார் ஒரு கிலோமீட்டர் ஓடினால், இரு டயர்களும் சேர்ந்து ஏறத்தாழ 10 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்கின்றன. நாள்தோறும் 30 கிலோமீட்டர் ஓடினால் 300 மீட்டர். உலகில் விளையும் இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பங்கு டயராகவே மாறுகிறது என்பது நீங்கள் அறிந்ததே. விடியுமுன் எழுந்து இறக்கிய பாலை இப்படிச் சாலையில் தேய்த்துத் தொலைப்பது நமக்கு அழகன்று. நமது நாட்டுச் சட்டப்படி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். வேகம் 80, 90 கிலோமீட்டரை எட்டும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் அது பெரும்பாலும் 'பேலன்சிங்' குறை. சக்கரத்தின் எடை ஒருபுறம் கூடியிருக்கிறது. அதற்கும் அலைன்மெண்டுக்கும் தொடர்பில்லை. அதுபோலவே கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் உடனே பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். மழைநீர் வடிவதற்காக நமது சாலைகள் ஓரத்தை நோக்கிச் சற்றே சாய்த்துப் போடப்பட்டிருக்கின்றன. இடப்புறம் ஓட்டும் நம் நாட்டில் எந்தக் காரும் சிறிது இடப்புறம் சாயவே செய்யும். அதற்கு மேலும் இழுத்தால், முதலில் காற்றைச் சரிபார்த்து, பின் முன்சக்கரங்கள் இரண்டையும் இடவலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரே திசையில் மட்டும் சுழலுமாறு அம்புக்குறி இட்ட டயராயின் இதைச் செய்யலாகாது. இழுப்பு மறுபக்கத்துக்கு மாறிவிட்டால் குற்றம் டயரினுடையது, மூட்டினுடையது அன்று.

தளர்வைக் கண்டுபிடித்தல்

சமமான தரையில் காரை நிறுத்தி, சக்கரங்களை நேராக வையுங்கள். பவர் ஸ்டியரிங் உள்ள காரானால் இயந்திரத்தை ஓடவிடுங்கள். இனி ஸ்டியரிங்கை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். வெளியே நிற்கும் ஒருவர் சக்கரத்தைக் கவனிக்கட்டும். சக்கரம் அசையத் தொடங்குமுன் ஸ்டியரிங் வளையம் எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று பாருங்கள். பல கார்க் கையேடுகள் 30 மில்லிமீட்டரை எல்லையாகக் குறிக்கின்றன. அதற்கு மேலானால் எங்கோ தேய்வு உண்டு.

எங்கே என்று அறிய முன்புறத்தை உயர்த்த வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஜாக்கியால் உயர்த்தி, உடனே இரும்புத் தாங்கியை அடியில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் கீழே தலையையோ கையையோ நீட்டாதீர்கள். செங்கல்லும் தாங்கியாகாது, பாரத்தில் அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

சக்கரத்தைக் கடிகாரமாக எண்ணி, 9 மணியும் 3 மணியும் இருக்கும் இடங்களில் இரு கைகளாலும் பிடித்து, முன்னும் பின்னுமாக விரைந்து அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று தளர்வு தெரிந்தால் டை ராட் எண்டோ ராக் எண்டோ தேய்ந்திருக்கிறது. வேறொருவர் அசைக்க, நீங்கள் வெளிமூட்டின்மேல் விரல்களை வைத்திருந்தால் குற்றவாளி எது என்று விரலே சொல்லிவிடும். வெளிமூட்டு அமைதியாயிருந்து தளர்வு மட்டும் தெரிந்தால், ராக்கின் முனையிலுள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை அழுத்திப் பிடித்து உள்மூட்டைச் சோதியுங்கள்.

அடுத்து 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடங்களில் பிடித்து அசையுங்கள். இங்கே தளர்வு தெரிந்தால், பந்து மூட்டாகவும் இருக்கலாம். சக்கரத்தின் பேரிங்காகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. வேறொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். தளர்வு மறைந்தால் பேரிங். மறையாமல் நின்றால் பந்து மூட்டு. இச்சோதனையில் பந்து மூட்டு தளர்ந்திருப்பது உறுதியானால், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், பட்டறைக்காரரை வரவழையுங்கள். டை ராட் எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் தன் போக்கில் திரும்பும். பந்து மூட்டு கழன்றால் சக்கரமே மடிந்து காரின் அடியில் சரியும்.

கிழிந்த உறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டு இன்னும் தளரவில்லை, உறை மட்டுமே கிழிந்திருக்கிறது என்றாலும் காலம் கடத்தலாகாது. குறிப்பாக ராக்கின் ரப்பர் உறை மலிவானது; அது காக்கும் ராக்கோ மிகவும் விலையுயர்ந்தது.

டை ராட் எண்ட் மாற்றும் முறை

இயந்திர வேலையில் ஓரளவு கைப்பழக்கமும் தக்க கருவிகளும் உடையவர்கள் இதனைத் தாமே செய்யலாம். ராக் எண்ட், பந்து மூட்டு, கீழ்க்கையின் புஷ் ஆகியவற்றுக்கு அழுத்துக் கருவிகளும் சிறப்பு ஸ்பேனர்களும் தேவைப்படுமாதலால் அவற்றைப் பட்டறைக்கே விட்டுவிடுவது நன்று.

சக்கரத்து நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே சிறிது தளர்த்திக்கொண்டு, பின் உயர்த்தித் தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். மரைகளைக் கம்பித் தூரிகையால் துலக்கி, துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துச் சற்று நேரம் ஊறவிடுங்கள். பொறுமையற்றவர்கள் இங்கேதான் நட்டின் முனைகளை மழுக்கிவிட்டுப் பின்னால் வருந்துகின்றனர்.

கழற்றுமுன் ஓர் அடையாளம் செய்தல் மிக இன்றியமையாதது. கம்பியின் மரையில், பூட்டு நட்டு நிற்கும் இடத்தில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடிடுங்கள். பிறகு பூட்டு நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதற்கு மேல் அதை நகர்த்தாதிருந்தால், புதிய மூட்டு எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

மூட்டின் குமிழ்த் தண்டைப் பிடித்திருக்கும் நட்டில், பிளவுபட்ட கம்பி ஊசியொன்று குறுக்கே செருகப்பட்டிருக்கும். அதனை நேராக்கி இழுத்தெடுத்து எறிந்துவிடுங்கள். நட்டைத் தளர்த்துங்கள்; ஆனால் முழுவதும் கழற்றிவிடாமல் இரண்டு மூன்று மரையில் நிற்கவிடுங்கள். தண்டு கூம்பு வடிவில் இறுகியிருப்பதால், விடுபடும்போது வேகமாகத் தெறிக்கும். நட்டு அதைத் தடுத்து நிறுத்தும். மூட்டைப் பிரிக்க அதற்குரிய இழுவைக் கருவியே ஏற்றது. அது இல்லாதவர்கள், தண்டு நுழைந்திருக்கும் இரும்புக் கையின் பக்கவாட்டில் கனத்த சுத்தியலால் ஓரிரு முறை ஓங்கித் தட்டினால் கூம்பு விடுபடும். தண்டின் மரை முனையில் அடிப்பது தவறு. கவை போன்ற இரும்பை இடையில் செருகி அடிப்பவர்களும் உண்டு. ரப்பர் உறையை அது கிழித்துவிடும். எறியப்போகும் மூட்டுக்கு அதனால் கேடில்லை. மீண்டும் பூட்டவேண்டிய மூட்டுக்கு அதனைச் செய்யலாகாது.

இனிப் பழைய மூட்டைக் கம்பியிலிருந்து சுற்றிக் கழற்றுங்கள். எத்தனை சுற்றில் வெளிவந்தது என்று வாய்விட்டு எண்ணி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். நடுவில் யாராவது தேநீர் கொண்டுவந்தால் கணக்கு போய்விடும். மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டரேயாயினும், சக்கரத்தின் விளிம்பில் ஒரு முழுச்சுற்று பல மில்லிமீட்டர் மாற்றத்தை உண்டாக்கும் என்பதை மறத்தலாகாது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து நீளம், மரை, கூம்பு மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பூட்டுங்கள். உடைத்த கார்களிலிருந்து எடுத்த பழைய மூட்டுகள் மலிவாகக் கிடைக்கும். கதவும் விளக்கும் அங்கே வாங்குவதில் தவறில்லை. ஸ்டியரிங் மூட்டை அங்கே வாங்காதீர்கள்.

அதே எண்ணிக்கைச் சுற்றுகள் சுற்றி, கூம்பையும் துளையையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, தண்டைப் பொருத்தி, நட்டைக் கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்குங்கள். ஊசித்துளை நேராக அமையவில்லையெனில் நட்டை இன்னும் சிறிது இறுக்கியே நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது. புதிய ஊசியைச் செருகி முனைகளை மடக்குங்கள். பழைய ஊசியை மீண்டும் போடுவதோ, ஊசிக்குப் பதில் ஆணியையோ கம்பியையோ வளைத்துச் செருகுவதோ கூடவே கூடாது. சில காசு பெறும் அந்த ஊசிதான் நட்டு கழன்று விழாமல் இரவும் பகலும் காவல் நிற்கிறது. கடைசியாகப் பூட்டு நட்டை இறுக்குங்கள். ஒரு பக்கத்து மூட்டு தேய்ந்துவிட்டதெனில் மறுபக்கத்ததும் அதே பாதையில் அதே தூரம் ஓடியதுதான். இரண்டையும் ஒருசேர மாற்றுவதே எமது பரிந்துரை.

பட்டறைக்குப் போகுமுன் ஓர் அளவு

எவ்வளவு கவனமாக எண்ணிப் பூட்டினாலும் அலைன்மெண்ட் சற்று மாறியே இருக்கும். கடைக்குப் பாதுகாப்பாகப் போய்ச் சேர, வீட்டிலேயே ஓர் அளவு எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்துப் பூப்பந்துத் திடலின் சிமெண்டுத் தரை இதற்கு மிகப் பொருத்தமான இடம். காரை முன்னோக்கி ஓட்டி வந்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். இரு முன் டயர்களின் முன்புறத்திலும் சுண்ணக்கட்டி தேய்த்து, அதன்மேல் ஆணியால் ஒரு மெல்லிய கோடு கிழியுங்கள். அளவு நாடா தடையின்றிச் செல்லக்கூடிய உயரத்தில், ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்கு உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். இப்போது காரைக் கையால் முன்னோக்கித் தள்ளி, அதே கோடுகள் டயரின் பின்புறத்தில் அதே உயரத்துக்கு வந்ததும் நிறுத்தி, மீண்டும் அளந்து பாருங்கள். ஒரே கோட்டை இருபுறமும் அளப்பதால், சக்கரம் சிறிது கோணியிருந்தாலும் கணக்கு பிழைபடாது.

முன் அளவு குறைவாயிருந்தால் உள்நோக்கு. பின் அளவு குறைவாயிருந்தால் வெளிநோக்கு. உங்கள் காருக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். பழைய சிறு கார்களுக்கு அது பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டிய சில மில்லிமீட்டரே. திருத்த வேண்டுமாயின் இருபக்கக் கம்பிகளையும் சம அளவில் திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும். கம்பி, சக்கர அச்சுக்குப் பின்னால் அமைந்திருப்பின், அதை நீட்டினால் உள்நோக்கு கூடும். முன்னால் அமைந்திருப்பின் குறையும். இந்த நாடா அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகக்கூடியது. கடையின் கருவிக்கு இது ஈடன்று.

கடைக்குச் சென்றதும் என்ன சொல்ல வேண்டும்? "அலைன்மெண்ட் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மூட்டுகளை அசைத்துப் பார்த்து, காற்றைச் சரிபார்த்து, அதன்பின் செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். செய்வதை அருகில் நின்று பாருங்கள். நமது நண்பரின் காரை அளந்த கருவி பொய் சொல்லவில்லை. தளர்ந்த மூட்டு அந்த நிமிடத்தில் எங்கே நின்றதோ அந்த இடத்தை அது சரியாகவே அளந்து காட்டியது. கடையைவிட்டு இறங்கி முதற்பள்ளத்தில் சக்கரம் விழுந்ததும் மூட்டு வேறிடத்துக்குப் போய்விட்டது. ஆடுகின்ற கம்பத்தில் கயிறு கட்டி எல்லை அளப்பதைப் போன்றதே தேய்ந்த மூட்டுடன் செய்யும் அலைன்மெண்ட். அதற்கு அவர் மூன்று முறை கொடுத்த பணமே இரண்டு புதிய டை ராட் எண்டுகளின் விலையைத் தாண்டியிருந்தது.

கால்வாயிலிருந்து தூக்கப்பட்ட காருக்கு அவர் பட்டறையிலேயே இரண்டு டை ராட் எண்டுகளும் இடப்பக்க ராக் எண்டும் மாற்றினார். கீழ்க்கை சிறிது வளைந்திருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அலைன்மெண்ட் ஒரே முறைதான் செய்யப்பட்டது. சக்கரத்து நட்டுகளை ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து நாம் அங்கே சென்றபோது, வாசலில் குந்தியிருந்து முன் டயரை உள்ளங்கையால் இருபுறமும் தடவிக்கொண்டிருந்தார். நாமும் தடவிப் பார்த்தோம். எப்பக்கம் தடவினாலும் ஒன்றுபோலவே இருந்தது.